வாசல்ல கார் நிக்க கல் பதிக்கப் போறீங்களா? கொட்டேஷன்ல எழுதாத வரியைப் பாருங்க



ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் கடன் வாங்கி தனி வீடு வாங்கினவங்க, குடிபோன ரெண்டு வருஷத்துக்குள்ள என்கிட்ட கேட்கிற கேள்வி இது. "கேட்டுக்கும் வாசப்படிக்கும் நடுவுல வெறும் மண்ணா கிடக்கு. மழை வந்தா சேறு, கார் டயர் புதையுது. மூணு பேர்கிட்ட கொட்டேஷன் வாங்கிட்டேன். ஒருத்தர் சதுர அடிக்கு 75 ரூபாய், ஒருத்தர் 95, ஒருத்தர் 120. கல் மூணு பேருக்கும் ஒண்ணுதான். 75-ஐ எடுத்துடலாமா?"

கூடவே இன்னொண்ணும் கேட்பாங்க. "கனடாவுல அண்ணன் வீட்டு வாசல்ல கருப்பா, வழவழன்னு தார் போட்டிருக்காங்க. நாமளும் அப்படியே போட்டா என்ன?"

நான் சிஏ, சிவில் இன்ஜினியர் இல்லை. ஆனா கொட்டேஷன், பில், பட்டியல் விலை இதெல்லாம் படிக்கிறது என் வேலை. அந்தக் கண்ணோட பார்த்தா, ரெண்டாவது கேள்விக்குப் பதில் தெரிஞ்சா முதல் கேள்விக்கும் பாதி பதில் கிடைச்சிடும். அதனால கனடாவுல இருந்து ஆரம்பிக்கிறேன்.

டொராண்டோவுல ஏன் தார்?

தண்ணி உறைஞ்சா அதோட கன அளவு சுமார் 9% கூடும். டொராண்டோ பக்கம் குளிர்காலத்துல தரை மேல மட்டும் உறையறதில்லை, கீழேயும் உறையும். அங்க வீட்டு அஸ்திவாரத்தை 1.2 மீட்டர், அதாவது 4 அடி ஆழத்துக்குக் கொண்டு போறது இதனாலதான். வாசல் தளத்துக்குக் கீழே தண்ணி தேங்கி இருந்தா, அது உறைஞ்சு தளத்தையே மேல தூக்கும். மார்ச், ஏப்ரல்ல உருகும்போது கீழே வெற்றிடம் ஆகி தளம் உள்வாங்கும்.

கான்கிரீட் இந்த ஆட்டத்துக்கு வளையாது, விரிசல் விடும். பனியைக் கரைக்கத் தூவுற உப்பு அதோட மேல்தோலையும் உரிச்சிடும். தார் கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கும், கான்கிரீட்டைவிட செலவும் கம்மி, கருப்பா இருக்கிறதால வெயில் பட்டா பனியும் சீக்கிரம் கரையும். அதனால ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் நம்ம ஆட்கள் வீட்டு வாசல்ல தார்தான் அதிகம். அங்க பயன்படுத்துற தார் வகையே வேற. தெற்கு ஒன்டாரியோவுல வழக்கமா போடுறது பிஜி 58-28. அதாவது 58 டிகிரி வரைக்கும் இளகாம, மைனஸ் 28 வரைக்கும் வெடிக்காம தாங்கணும்னு குறிச்ச தார்.

ஆனா நம்ம கண்ணுக்குத் தெரியுற அந்தக் கருப்பு, மேல இருக்கிற ரெண்டு மூணு அங்குலம்தான். அதுக்குக் கீழே ஆறிலிருந்து எட்டு அங்குலம் ஜல்லி, இடிச்சு இறுக்கி வச்சிருப்பாங்க. தண்ணி தேங்காம வடியறதுக்குத்தான் அந்த ஜல்லி. புதுசா கட்டின வீடுகள்ல ஜல்லியை மட்டும் போட்டு, ஒரு குளிர்காலம் அப்படியே விட்டுட்டு, தரை அமர்ந்த பிறகு அடுத்த சீசன்ல தார் போடுறது அங்க சாதாரணம். "வீடு வாங்கி ஒரு வருஷம் ஆச்சு, இன்னும் வாசல்ல ஜல்லிதான்"னு உங்க அண்ணன் புலம்பியிருந்தா, காரணம் இதுவா இருக்கலாம். இந்த ஒரு வருஷ இடைவெளியை ஞாபகம் வச்சுக்கோங்க, பணக் கணக்குல திரும்ப வரும்.

நமக்கு பனி இல்லை, களிமண் இருக்கு

மேற்குப் புறநகர்ல நிறைய லேஅவுட் ஒரு காலத்துல வயலா இருந்தது, இல்லைன்னா ஏரிக்குப் பக்கத்துல இருந்தது. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, செம்பரம்பாக்கம்னு பேரைச் சொன்னாலே புரியும். எல்லா இடத்துலயும் ஒரே மண் இல்லை, சில தெருவுல சரளை மண் இருக்கும். ஆனா களிமண் இருக்கிற இடத்துல, கனடாவுல பனி செய்யறதை இங்க மழை செய்யுது. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் களிமண் தண்ணி குடிச்சு ஊதும். ஏப்ரல், மே வெயில்ல காய்ஞ்சு சுருங்கி வெடிக்கும். மேல நீங்க என்ன போட்டாலும் அது வருஷா வருஷம் மூச்சு விடுற மாதிரி ஏறி இறங்கும். கார் டயர் போற ரெண்டு தடம் மட்டும் பள்ளமாகி, அதுல தண்ணி தேங்கும்.

மருந்து ரெண்டு ஊருக்கும் ஒண்ணுதான். கீழே இறுக்கின ஜல்லி, மேல தண்ணி ஓட வாட்டம்.

அப்போ தாரே போடலாமேன்னு கேட்பீங்க. கணக்கு போட்டுப் பாருங்க. 400 சதுர அடிக்கு ரெண்டு அங்குலம் தார்க் கலவைன்னா சுமார் 67 கன அடி, எடையில நாலரை டன் பக்கம். ஹாட் மிக்ஸ் பிளான்ட்டுல இருந்து ஒரு டிப்பர் கொண்டு வர்றது இதைவிடப் பல மடங்கு. சுமார் 150 டிகிரியில கிளம்புற கலவையை ஆறுறதுக்குள்ள பரப்பி ரோலர் ஓட்டணும். உங்க ஒரு வீட்டுக்காக பிளான்ட், டிப்பர், ரோலர் எல்லாம் வராது. வர்றது எதுன்னா, பக்கத்துத் தெருவுல ரோடு போடும்போது மிச்சமான, பாதி ஆறின கலவை. அதை மண்ணு மேல கொட்டி மண்வெட்டியால தட்டிட்டுப் போவாங்க. மே மாசம் புதுத் தார் ரோட்டுல பைக்கை சைடு ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினவங்களுக்குத் தெரியும், ஸ்டாண்ட் எவ்வளவு தூரம் உள்ள போகும்னு. ஒரே இடத்துல தினமும் கார் நிக்கிற வாசலுக்கு நம்ம வெயில்ல தார் வேண்டாம்.

வேடிக்கை என்னன்னா, "பக்கத்துல வேலை முடிஞ்சது, மிச்சக் கலவை இருக்கு, பாதி விலைக்குப் போட்டுத் தர்றோம்"னு கதவைத் தட்டுறது அமெரிக்கா, கனடாவுலயே பேர்போன ஏமாத்து வேலை. இங்க அதே வசனம் பேவர் பிளாக்குக்கு வரும்: "ஒரு லோடு கல் மிச்சம் இருக்கு சார்."

ஆக நமக்கு மிச்சம் இருக்கிறது கான்கிரீட் தளமும் பேவர் பிளாக்கும். என் ஓட்டு பேவர் பிளாக்குக்கு. காரணம் அழகு இல்லை, மறுபயன்பாட்டு மதிப்பு. கான்கிரீட்டை உடைச்சா அது கட்டட இடிபாடு, அப்புறப்படுத்தவும் நீங்கதான் காசு கொடுக்கணும். பிளாக்கைப் பெயர்த்து எடுத்து, கீழே சரி பண்ணி, அதே கல்லைத் திரும்பப் பதிக்கலாம். ரோடு உயர்ந்தாலும், பைப் உடைஞ்சாலும், பாதாள சாக்கடை இணைப்பு வந்தாலும் கல் உங்ககிட்டயே இருக்கும்.

75-க்கும் 120-க்கும் நடுவுல என்ன இருக்கு

கீழே வர்ற ரூபாய்க் கணக்கு உதாரணத்துக்கு மட்டும், உங்க ஏரியா ரேட் வேற இருக்கும். பரப்பு 400 சதுர அடி.

75 ரூபாய்க்காரர்: 30,000. 120 ரூபாய்க்காரர்: 48,000. வித்தியாசம் 18,000.

75 ரூபாய்க்காரர் எழுதித் தர்ற கொட்டேஷன்ல வழக்கமா ஒரே வரி இருக்கும்: "60 எம்.எம். பேவர் பிளாக் சப்ளை அண்ட் லேயிங்." அவர் பொய் சொல்லலை. சொன்னதைச் செய்வார். மண்ணை லேசா சமப்படுத்தி, எம் சாண்ட் கொட்டி, கல்லை அடுக்கிட்டுப் போவார். அன்னைக்கு போட்டோ எடுத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ரெண்டு மழைக்காலம் தாண்டி, பெயர்த்து, தோண்டி, ஜல்லி போட்டு மறுபடி பதிக்க சதுர அடிக்கு 65 ஆச்சுன்னு வைங்க. 26,000. மொத்தம் 56,000. மலிவு கொட்டேஷன் 8,000 ரூபாய் அதிகத்துல முடியுது, நடுவுல ரெண்டு வருஷம் சேத்துத் தண்ணி வேற.

அதுக்காக 120 சொன்னவர் எல்லாம் ஜல்லி போடுறார்னு அர்த்தம் இல்லை. லாபத்தைக் கூட வச்சிருக்கலாம். ரேட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, யூனிட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம்.

நம்ம ஊர்ல ஜல்லி, மணல் எல்லாம் யூனிட் கணக்கு. ஒரு யூனிட் 100 கன அடி. 400 சதுர அடிக்கு ஆறு அங்குல ஜல்லித் தளம்னா 200 கன அடி, அதாவது 2 யூனிட். இது இடிச்சு இறுக்கின பிறகு இருக்க வேண்டிய அளவு. தளர்வா லாரியில வரும்போது கால் பங்கு கூட வேணும், அப்போ ரெண்டரை யூனிட். அதுக்கு மேல ஒன்றரை அங்குலம் எம் சாண்ட், அது அரை யூனிட். உங்க வாசல்ல மொத்தமே ஒரு யூனிட் எம் சாண்ட் மட்டும் வந்து இறங்கினா, ஜல்லித் தளம் வரப் போறதில்லைன்னு அப்பவே தெரிஞ்சிடும். இதுக்கு இன்ஜினியரிங் படிக்க வேண்டாம், லாரி வரும்போது வீட்டுல ஒருத்தர் இருந்தா போதும்.

அதே மாதிரி தோண்டுறது. ஆறு அங்குல ஜல்லி, ஒன்றரை அங்குல மணல், 60 மி.மீ. கல் எல்லாம் சேர்ந்தா பத்து அங்குலம் கிட்ட வருது. கல்லோட மேல்மட்டம் இப்போ இருக்கிற தரை மட்டத்துலயே வரணும்னா பத்து அங்குலம் தோண்டியாகணும். வெளிய வர்ற மண் 333 கன அடி, மூணு யூனிட்டுக்கு மேல. அதை யார் அள்ளிட்டுப் போறது? கொட்டேஷன்ல இல்லைன்னா வேலை பாதியில நிக்கும்போது "மண்ணு அள்ள தனி சார்"னு வரும். அந்த நேரத்துல பேரம் பேச உங்ககிட்ட பிடி எதுவும் இருக்காது.

கல்லைப் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணும் இல்லை. ஐஎஸ் 15658 தரத்துல லேசான போக்குவரத்துக்கு 60 மி.மீ., எம்35 கல். வீட்டுக் காருக்கு அது போதும். தண்ணி லாரி உள்ள வரணும்னா 80 மி.மீ., எம்40 கேளுங்க. ஓரத்துல கெர்ப் கல் வச்சு கான்கிரீட்ல பிடிச்சிருக்கணும், இல்லைன்னா கல் ஒவ்வொண்ணா வெளிய நகரும். களிமண் தரையா இருந்தா ஜல்லிக்குக் கீழே ஜியோ டெக்ஸ்டைல் துணி விரிக்கச் சொல்லுங்க. சேறு மேல ஏறி ஜல்லியோட கலக்காது.

கல்லுக்கு முன்னாடி தண்ணி

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி பக்கம் வீட்டுக்குள்ள தண்ணி பார்த்தவங்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாசல் தளத்தோட வாட்டம் எந்தப் பக்கம்ங்கிறதுதான் ஹால்ல தண்ணி வருமா வராதான்னு தீர்மானிக்கும்.

60 அடிக்கு 1 அடி வாட்டம் வைச்சா, 20 அடி நீளத்துக்கு 4 அங்குலம் இறக்கம். வீட்டுப் பக்கம் உயரம், கேட் பக்கம் தாழ்வு. ஆனா உங்க கேட்டைவிட ரோடு உயரமா இருந்தா? புறநகர்ல பழைய தெருக்கள்ல இதுதான் உண்மையான தலைவலி. ரோடு மேலயே ரோடு போட்டுப் போட்டு வீடு பள்ளத்துல போயிடுது. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புது ரோடு போடணும்னு 2021-ல தலைமைச் செயலாளரா இருந்த வெ. இறையன்பு எல்லாத் துறைக்கும் அறிவுறுத்தினார். உங்க தெருவுல அப்படி நடந்ததான்னு நீங்களே பார்த்துக்கோங்க.

அதனால கொட்டேஷன் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு காரியம் பண்ணுங்க. உங்க தெருவுல மழைநீர் வடிகாலோ, பாதாள சாக்கடையோ, ரோடு வேலையோ வரப் போகுதான்னு விசாரிங்க. அம்பத்தூர் 2011-லிருந்து சென்னை மாநகராட்சியோட 7-வது மண்டலம், ஆவடி 2019-லிருந்து தனி மாநகராட்சி, பூந்தமல்லி நகராட்சி. வார்டு அலுவலகமோ கவுன்சிலரோ, யாரைக் கேட்டாலும் சரி. வேலை வரப் போகுதுன்னா அது முடியற வரைக்கும் காத்திருங்க. ஒரு ரூபாய் செலவில்லாத ஆலோசனை இதுதான்.

ரோடு ஏற்கனவே உயரம்னா, வாட்டத்தை உள்பக்கமா ஒரு ஓரத்துக்குத் திருப்பி, அங்க மழைநீர் சேகரிப்புக் குழி வச்சு தண்ணியை அதுல இறக்கணும். தமிழ்நாட்டுல 2003-லிருந்து எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அந்தக் குழி மேலயே கல்லைப் பதிச்சு மூடிட்ட வீடுகளையும் பார்த்திருக்கேன். சம்ப் மூடியும் அப்படித்தான். தளத்தைவிட அது உயரமா இருக்கணும், இல்லைன்னா வாசல் தண்ணி குடிக்கிற தண்ணியோட கலக்கும். செப்டிக் டேங்க் மூடி மேல கார் ஏறும்னா, அந்த ஸ்லாப் தாங்குமான்னு மட்டும் ஒரு இன்ஜினியரைக் கேளுங்க. இதுல சிஏ சொல்றதை நம்பாதீங்க.

இன்னொண்ணு. கேட்டுக்கு வெளிய சாய்தளம் போட்டு ரோட்டு வரைக்கும் கல்லை நீட்டாதீங்க. அது பொது இடம். வடிகால் மேல போட்ட சாய்தளத்தை மாநகராட்சி இடிச்சா நஷ்டஈடு கிடைக்காது. கேட்டுக்கு வெளிய போடுற காசு உங்க சொத்துல போடுற காசே இல்லை.

பணத்தை எப்படிப் புரட்டறது

48,000-க்கு பர்சனல் லோன் எடுத்தா, 14% வட்டி, 36 மாசம்னா இஎம்ஐ சுமார் 1,640. மொத்தம் கட்டறது 59,000 சொச்சம். வட்டி மட்டும் 11,000. பிராசஸிங் கட்டணம் தனி. ஏற்கனவே வீட்டுக் கடன் இஎம்ஐ கட்டிட்டு இருக்கிற சம்பளத்துல இது வேண்டாத சுமை.

இங்கதான் கனடா பழக்கம் உதவுது. வேலையை ரெண்டாப் பிரிங்க. ஏப்ரல்ல போனஸ் வரும்போது தோண்டறது, கெர்ப் கல், ஜல்லித் தளம் வரைக்கும் முடிச்சிடுங்க. 24,000-ன்னு வைங்க. அது மேலயே காரை நிறுத்துங்க. மாசம் 2,700 வீதம் ஒன்பது மாசம் ஆர்டியில போடுங்க, 24,300 வரும். நடுவுல ஒரு வடகிழக்குப் பருவமழை முழுசா போகும். எங்க தண்ணி தேங்குது, எங்க உள்வாங்குதுன்னு ஜல்லி நிலையிலேயே தெரிஞ்சிடும். சரி பண்ண ஒரு சட்டி ஜல்லி போதும். ஜனவரியில கல் பதிங்க. வட்டி பூஜ்யம், தளமும் அமர்ந்திருக்கும். வாசல் ஒரு வருஷம் பார்க்க நல்லா இருக்காதுங்கிறது உண்மைதான். வீட்டுல சொல்லிப் புரிய வைக்கிறது உங்க பொறுப்பு.

காண்ட்ராக்டருக்கு மொத்தமா கொடுக்காதீங்க. பொருள் இறங்கும்போது 30%, ஜல்லித் தளத்தை பிளேட் காம்பாக்டர் வச்சு இறுக்கி நீங்க பார்த்த பிறகு 30%, கல் முடிஞ்சதும் 30%. மிச்சம் 10% முதல் பெரிய மழைக்கு அப்புறம். பெரிய கம்பெனிகள் எல்லா ஒப்பந்தத்துலயும் இப்படி ஒரு தொகையைப் பிடிச்சு வைக்கும், நீங்க கேட்கிறதுல தப்பே இல்லை. "எங்களை நம்பலையா சார்"னு கேட்டா, "நம்புறேண்ணே, மழையைத்தான் நம்பலை"ன்னு சொல்லுங்க.

ஒன்டாரியோ சட்டத்துல, ஒப்பந்தத்துல எழுதின மதிப்பீட்டைவிட 10%-க்கு மேல கூட வாங்க முடியாது, புது வேலைக்கு நீங்க சம்மதிச்சா தவிர. நமக்கு அப்படி ஒரு விதி இல்லை, அதனால எழுத்துல வாங்கிக்கணும். வாட்ஸ்அப்ல இப்படி அனுப்பினாலே போதும்: "அண்ணே, 400 சதுர அடி, பத்து அங்குலம் தோண்டி மண் அள்றது உட்பட, ஆறு அங்குலம் இறுக்கின ஜல்லி, ஒன்றரை அங்குலம் எம் சாண்ட், 60 எம்.எம். எம்35 கல், ரெண்டு பக்கமும் கெர்ப், கேட் பக்கம் 4 அங்குலம் வாட்டம், ஜிஎஸ்டி சேர்த்து மொத்தம் இவ்வளவு. சரின்னா ஓகே போடுங்க." அவர் ஓகே போட்டா அது ஆதாரம்.

பில், ஜிஎஸ்டி, வருமான வரி

பொருளும் வேலையும் சேர்ந்த ஒப்பந்தத்துக்கு ஜிஎஸ்டி 18%. 48,000-க்கு 8,640. சேவை வருமானம் வருஷத்துக்கு 20 லட்சத்துக்குள்ள இருக்கிற சின்ன காண்ட்ராக்டர் பதிவு பண்ணத் தேவையில்லை. அப்படிப் பதிவு இல்லாதவர் உங்ககிட்ட ஜிஎஸ்டி வசூலிக்கவும் கூடாது. வசூலிச்சா 33-ல ஆரம்பிக்கிற 15 இலக்க எண்ணைக் கேளுங்க, ஜிஎஸ்டி தளத்துல தேடினா பேர் வந்துடும். டிடிஎஸ் பயம் வேண்டாம், தனிநபருக்கு அது வருஷம் 50 லட்சம் தாண்டினாத்தான்.

"வீட்டை விக்கும்போது இந்தச் செலவைக் காட்டலாமா?" வெறும் மண் தரைக்கு முதல் முறையா தளம் போடுறது சொத்தை மேம்படுத்தற செலவுன்னு வாதாடலாம். பழைய கல்லைப் பெயர்த்துப் போடுறது ரிப்பேர், அது செல்லாது. ஜிஎஸ்டி சேர்த்து 56,640-ன்னா, இப்போ இருக்கிற 12.5% நீண்டகால மூலதன ஆதாய வரியில சுமார் 7,000 மிச்சம். ஆனா அது நீங்க என்னைக்கோ விக்கும்போது. வித்த லாபத்துல இன்னொரு வீடு வாங்கி விலக்கு எடுத்தா அதுவும் இல்லை. வரிக்காக பில் வாங்குங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரலை.

கடன் எடுத்து செய்தா வட்டிக்குக் கழிவு கிடைக்குமான்னும் கேட்பீங்க. குடியிருக்கிற வீட்டு ரிப்பேர் கடனுக்கு பழைய முறையில வருஷம் 30,000 வரைதான், அதுவும் மொத்த 2 லட்சம் வரம்புக்குள்ள. புதிய முறையில அதுவும் கிடையாது. உங்கள்ல பெரும்பாலானவங்க இப்போ புதிய முறையிலதான் இருப்பீங்க.

பில் வாங்கச் சொல்றதுக்கு உண்மையான காரணம் வேற. ஆறு மாசத்துல தளம் உள்வாங்கினா, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடியிருக்கிற மாவட்ட ஆணையத்துலயே புகார் கொடுக்கலாம். ஆவடி, பூந்தமல்லின்னா திருவள்ளூர். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, ஆன்லைன்லயே போடலாம். ஆனா பில்லோ வங்கிப் பரிமாற்றமோ இல்லாம ரொக்கமா கொடுத்திருந்தா, வேலை செஞ்சதே அவர்தான்னு நிரூபிக்க முடியாது.

ஜல்லி போட்டு முடிச்சு கல் பதிக்கறதுக்கு முன்னாடி, அளவு டேப்பைக் குழியில நிறுத்தி ஆழம் தெரியுற மாதிரி நாலு மூலையிலயும் போட்டோ எடுங்க. கல் மூடின பிறகு அந்த அடுக்கு இருந்ததுக்கு வேற சாட்சி இல்லை. பில், வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட், போட்டோ எல்லாத்தையும் வீட்டுப் பத்திரம் ஸ்கேன் வச்சிருக்கிற அதே ஃபோல்டர்ல போடுங்க. நீள அகலம் போட்டா யூனிட் கணக்கும் ஆர்டி தொகையும் வர்ற எக்செல் ஷீட் இந்த வார வீடியோ டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு. ரேட் காலம் காலியா இருக்கும், உங்க தெருவுல விசாரிச்சு நீங்களே நிரப்பிக்கோங்க.